ஆண் வேலை, பெண் வேலை என்பதைப் பிள்ளைகளுக்கு டிவியும் சினிமாவும்தான் கற்றுத்தருகின்றனவா? இல்லை, வீட்டில் இருப்பதைத்தான் அவை காட்டுகின்றனவா?

இந்தக் கேள்வியைக் கேட்ட உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் சீரியல் ஓடும்போது அது வாயைப் பிளந்து பார்ப்பது உங்களை உறுத்தியிருக்கும். சீரியலை விடுங்கள். மாமியார் பாலில் விஷம் கலப்பதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் விஷம் கலக்கப் போவதில்லை. ஆனால் "வீட்டில் இருப்பதைத்தான் காட்டுகிறார்கள்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் வீட்டில் இருந்ததை அவர்கள் காட்டவில்லை.

நாங்கள் கடலூர் முதுநகர்ப் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர். அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்பவர், இன்றும் விற்கிறார். ஏலத்தில் எந்த விலைக்கு மேல் போனால் கையை விட வேண்டும், ஐஸுக்கு எவ்வளவு, தண்டல்காரருக்கு எவ்வளவு, யாருக்குக் கடன் சொல்லலாம், எல்லாம் அம்மாவின் மனக்கணக்கு. அப்பாவின் டீக்காசுகூட அம்மா சுருக்குப் பையிலிருந்து வரும். அதில் அப்பாவுக்குக் குறைச்சல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கரையில் பல வீடுகள் அப்படித்தான். (உடனே "மீனவர் வீட்டில் குடி இல்லையா, அடி இல்லையா" என்று வருவீர்கள். இருக்கிறது. உங்கள் தெருவிலும் இருக்கிறது. நான் சொல்வது பணம் யார் கையில் புழங்குகிறது என்பதை மட்டும்.)

ஒரு தடைக்காலத்தில் யூடியூப் சேனல்காரர்கள் சிலர் வந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும்போது விலை எப்படி ஏறும், அப்போது வியாபாரப் பணத்தை எப்படிப் பார்த்து இறக்க வேண்டும், முன்கூட்டியே கருவாடு போட்டு வைத்து எந்தச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை போகும் என்று விலாவாரியாகச் சொன்னார். கேட்ட பையன் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "சுனாமியைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றான். "போனது போச்சு, அதைக் கேட்டு என்ன பண்ணப் போற தம்பி" என்று சொல்லி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயில், வியர்வை. அவ்வளவுதான்.

வெளிவந்த வீடியோவில் அந்த முந்தானை மெதுவாக, மிக மெதுவாக ஏறி இறங்கியது. பின்னணியில் வயலின். பிள்ளைகளுக்காகத் தேயும் தாய் என்கிற மாதிரி ஒரு தலைப்பு. கருவாட்டுக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. கடைசியில் அம்மா மீன் குழம்பு வைக்கும் காட்சி. எங்கள் வீட்டில் குழம்பு வைப்பது பெரும்பாலும் அப்பா. அன்றைக்கும் புளி கரைத்துவிட்டு அவர்தான் அடுப்பு முன்னால் இருந்தார். "ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அம்மா கரண்டியைப் பிடிக்கட்டும்" என்று அவரை நகர்த்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

கீழே வந்த கமெண்டுகளில் பாதி தாய்மை தெய்வம், மீதி "இந்த வயசில் உழைக்க விடுகிறானே, மகன் என்று ஒருத்தன் இல்லையா". அந்த மகன் நான்தான். புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நல்ல சீசனில் அம்மா கையில் நிற்கும் காசு என் சம்பளத்தைவிட அதிகம். நான் இருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததே அவர்தான்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். என் மகள் கேட்டதுதான் தாங்கவில்லை. லீவுக்குப் போனால் ஆயா (என் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணியவள், ஆயாவுக்குக் கால்குலேட்டரே வேண்டாம் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டவள். வீடியோ பார்த்த பிறகு, "ஆயாவை ஏன்ப்பா வேலைக்கு அனுப்புறீங்க?" என்றாள். பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. உழைக்கிற வயதான பெண் என்றால் எங்கேயோ ஓர் ஆண் கடமை தவறிவிட்டான் என்று அவளே முடிவுக்கு வந்துவிட்டாள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் நான் சமூகவியல் படித்தவன். அமெரிக்கச் சமூகவியலாளர் கே டக்மன் 1978இல் எழுதியது நினைவுக்கு வந்தது. ஊடகம் பெண்களைக் காட்டாமல் விட்டும், அற்பமாக்கியும், கண்டித்தும் இல்லாமல் ஆக்குகிறது என்றார் அவர். எங்கள் அம்மாவைப் பாவப்பட்டே இல்லாமல் ஆக்கினார்கள். 2004 சுனாமிப் படங்களை நினைத்துப் பாருங்கள். ஆண் பக்கத்தில் உடைந்த படகு இருக்கும், பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். பிறகு எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவர்களும் படகு, வலை என்றுதான் கேட்டார்கள். கூடையும் ஐஸ் பெட்டியும் வியாபார முதலும் போன பெண்களிடம், உங்களுக்கு என்ன போயிற்று என்று கேட்க ஆளில்லை. படங்கள்தான் இதற்குக் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

டிவியே பெண்களுக்கு விரோதி என்றும் நான் சொல்லவில்லை, பாய வேண்டாம். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களின் கிராமத் தரவுகளை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேபிள் வந்த கிராமங்களில், புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற ஆசையும் குறைந்திருந்தது. சீரியலில் வேலைக்குப் போகும், எதிர்த்துப் பேசும் பட்டணத்துப் பெண்ணைப் பார்த்ததற்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆக, டிவி கற்றுத்தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதைப் பொறுக்கியெடுத்துக் காட்டுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

"அப்போ உன் பெண்ணை மீன் விற்க அனுப்புவாயா" என்று ஒருவராவது கேட்பீர்கள். அவள் இஷ்டம். ஏலம் எடுக்கவும் ஒரு திறமை வேண்டும், அது எனக்கு இல்லை, அவளுக்கு இருக்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே வருடம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பெரிய செய்தியானது, முதலமைச்சரே கண்டித்தார். எங்கள் பக்கத்தில் அப்புறமும் கூடையைப் பார்த்தால் நிறுத்தாமல் போகும் வண்டிகள் உண்டு. அம்மா ஷேர் ஆட்டோவில்தான் போகிறார், கூடைக்குத் தனிக் காசு கொடுத்து.