டியூக்கா, கரோலினாவா என்று கேட்டால் என்ன சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில், நார்த் கரோலினா மாநிலத்து ராலேயில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் பார்ப்பவரெல்லாம் "நீ டியூக்கா, கரோலினாவா?" என்கிறார்கள், நான் படித்ததோ மதுரையில், கூடைப்பந்தை டிவியில்கூடப் பார்த்ததில்லை, இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டுமா, இல்லை சிரித்து மழுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2002-இல் நான் பக்கத்து ஊரான கேரிக்கு வந்தபோது என்னிடமும் இதையேதான் கேட்டார்கள். "இரண்டும் நல்ல காலேஜ்தான்" என்றேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதைக் கூடைப்பந்துக் கேள்வி என்று எடுத்துக்கொண்டதுதான் என் தப்பு. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்பாரே, அந்த ரகம் இது. சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த அரை மணி நேரம் பேச்சு ஓடும். "எல்லா ஊரும் நல்ல ஊர்தான்" என்றால் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

முதலில் ஊர்க்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் நார்த் கரோலினா, ராலேயில் நார்த் கரோலினா ஸ்டேட். டியூக்குக்கும் கரோலினாவுக்கும் நடுவே பத்து மைல்தான். நாலாவது வேக் ஃபாரஸ்ட், மேற்கே வின்ஸ்டன் சேலத்தில். இந்த நாலுக்கும் சேர்த்து 'டொபாக்கோ ரோடு' என்று பெயர். புகையிலைப் பணம் விளையாடிய இடம்: டியூக் என்பதே ஒரு புகையிலைக் குடும்பத்தின் பெயர்தான். வேக் ஃபாரஸ்டை 1956-இல் வின்ஸ்டன் சேலத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனது ரெனால்ட்ஸ் குடும்பத்துப் பணம். இந்த நாலும் மேரிலேண்ட், கிளெம்சன், சவுத் கரோலினாவும் சேர்ந்து 1953-இல் தொடங்கியதுதான் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏ.சி.சி. நம் லீக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வெளி அணிகளோடு ஆட்டம் தொடங்கும். கான்ஃபரன்ஸுக்குள் அடித்துக்கொள்வது சூடு பிடிப்பது ஜனவரியில். மார்ச்சில் ஏ.சி.சி. கோப்பை. அதை வென்றவர்களுக்கு, 68 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் இடம் நிச்சயம். மற்றவர்கள் தேர்வுக் குழு கூப்பிடுமா என்று காத்திருக்க வேண்டும்.

அந்த ஏ.சி.சி. கோப்பை வாரம்தான் நீங்கள் காலண்டரில் குறித்துவைக்க வேண்டியது. வந்த இரண்டாவது வருஷம், எதுவும் தெரியாமல், மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு மீட்டிங் போட்டேன். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன், வந்தது நானும் நம்மாள் ஒருவரும். மற்றவர்கள் எல்லாம் பிரேக் ரூமில் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள், என் மேனேஜர் உட்பட. "ப்ராஜெக்ட் ஓடிப்போகாது, உட்கார்" என்று எனக்கும் ஒரு நாற்காலியைத் தள்ளினார். அந்தக் காலத்தில் இங்கே பள்ளிக்கூடங்களில் டீச்சர்களே டிவியை வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வருவார்களாம்.

எனக்கு ஆட்டம் பழகியது ஆபீஸில் அல்ல, பக்கத்து வீட்டில். அவர் புகையிலை விவசாயி வீட்டுப் பிள்ளை, தீவிரக் கரோலினா ஆள். கல்லூரிப் பக்கமே போகாதவர். அப்படிப்பட்ட ரசிகர்களை 'வால்மார்ட் ரசிகர்கள்' என்று படித்த கூட்டம் கிண்டல் செய்யும், டிகிரி வாங்காமல் டிஷர்ட் மட்டும் வாங்கியவர்களாம். அவர் அதைச் சட்டை செய்ததே இல்லை. டிவியில் படம் ஓடும், சத்தத்தை அணைத்துவிடுவார். ஜன்னலோரம் இருக்கும் ரேடியோவில் வுடி டர்ஹம் பேசுவார். 1971-இலிருந்து 2011 வரை கரோலினாவின் குரல் அவர்தான். பிற்பாடு டிவி டிஜிட்டல் ஆனதும் படம் சில விநாடி பின்தங்கிப்போனது. திரையில் பந்து ஆட்டக்காரன் கையை விட்டுக் கிளம்பியிருக்காது, இவர் கைதட்டிவிடுவார். சில நேரம் தலையில் கை வைத்துக்கொள்வார். நான் நேரே திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தே ஸ்கோர் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

டீன் ஸ்மித் கதையை அவர் வாயால்தான் கேட்டேன். 1961-இலிருந்து 1997 வரை கரோலினாவுக்குப் பயிற்சியாளர். 879 வெற்றி, 1982-இலும் 1993-இலும் தேசியக் கோப்பை. 1982 இறுதியாட்டத்தில் ஜெயித்த ஷாட்டைப் போட்ட முதலாண்டுப் பையன் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட இரண்டு விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒன்று, தெற்கு மாநிலங்களில் நிறவெறி கொடிகட்டிப் பறந்த காலத்தில் சார்லி ஸ்காட் என்ற கறுப்பின வீரரை ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கொண்டுவந்தது. இன்னொன்று, 2015-இல் ஸ்மித் இறந்த பிறகு அவரிடம் ஆடிய பழைய மாணவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தபாலில் 200 டாலர் செக் வந்தது. என் செலவில் வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதிவைத்திருந்தாராம். இதைச் சொல்லும்போது கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

டியூக் பக்கம் பேச ஆளில்லை என்று நினைக்காதீர்கள். கோச் கே என்றாலே போதும், மைக் ஷிஷெவ்ஸ்கி என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. 1980-இல் வந்தார், 42 வருஷம், ஐந்து தேசியக் கோப்பை. அவர்களுடைய கேமரன் அரங்கம் 1940-இல் கட்டியது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். அதற்குள் நுழைய மாணவர்கள் குளிரில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். 2022 மார்ச்சில் அதே அரங்கில் கோச் கேயின் கடைசி ஆட்டம். விழா ஏற்பாடு தடபுடல், பழைய வீரர்கள் திரண்டு வந்திருந்தார்கள், கரோலினா வந்து 94-81 என்று தோற்கடித்துவிட்டுப் போனது. போதாதற்கு ஏப்ரல் 2-ஆம் தேதி, தேசியப் போட்டி அரையிறுதியில், மறுபடியும் அதே கரோலினா. அன்று உகாதி. கேரி வெங்கடேஸ்வரா கோவிலில் கூட்டம் நெரிந்தது, ஆனால் இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பிரசாத வரிசையில் நின்றபடி போனில் முதல் அரையிறுதியைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்" என்று பறந்தார்கள். கடைசி அரை நிமிடத்தில் கேலப் லவ் போட்ட ஷாட்டில் 81-77. கோச் கேயின் பயிற்சி வாழ்க்கை அதோடு முடிந்தது. மறுநாள் எங்கள் தெருவில் டியூக் வீடுகளில் திரைச்சீலைகூட விலகவில்லை.

கணவன் டியூக், மனைவி கரோலினா என்ற வீடுகளும் உண்டு. இந்த மாநிலத்தில் காருக்குப் பின்பக்கம் மட்டும்தான் நம்பர் பிளேட் கட்டாயம். முன்பக்கம் காலியாக இருக்கிறதே என்று பாதி டியூக்கின் கருநீலம், பாதி கரோலினாவின் வெளிர்நீலமாக ஒரு பலகையை மாட்டியிருப்பார்கள். பார்த்திருப்பீர்கள், அர்த்தம் இதுதான்.

சரி, நான் எந்தப் பக்கம்? இரண்டும் இல்லை. நான் ஸ்டேட், சிவப்புச் சட்டை. என் மகள் அங்கே படித்தாள், அவ்வளவுதான் காரணம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஸ்டேட் ரசிகனாக இருப்பது ஒரு ஜாதகம். 1974-இல் டேவிட் தாம்ப்சன் ஆடிய அணி தேசியக் கோப்பை வென்றது. 1983-இல் ஜிம் வல்வானோவின் அணி, யாரும் எதிர்பாராமல், ஹூஸ்டனைக் கடைசி விநாடியில் 54-52 என்று கவிழ்த்தது. அந்த வல்வானோ புற்றுநோயால் பத்து வருஷத்தில் போய்விட்டார், சாவதற்கு முன் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளையின் அலுவலகம் நம் கேரியில்தான் இருக்கிறது. 1987-இல் ஏ.சி.சி. கோப்பை. அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் ஒன்றுமில்லை.

2024 மார்ச். மகளுக்குக் கடைசி வருஷம். லீக்கின் கடைசி நாலு ஆட்டத்திலும் தோல்வி, கோச் கெவின் கீட்ஸை மாற்று என்ற கூச்சல். பத்தாவது இடத்திலிருந்து ஏ.சி.சி. போட்டிக்குப் போனார்கள். கோப்பை வேண்டுமென்றால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். செவ்வாய் லூயிவில், புதன் சிராக்யூஸ், வியாழன் டியூக். வெள்ளி இரவு வர்ஜீனியா. மூன்று புள்ளி பின்னால், ஐந்தாறு விநாடிதான் பாக்கி. வர்ஜீனியா பையன் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டான். பந்தை வாங்கி ஓடிய மைக்கேல் ஓ'கானல் தூரத்திலிருந்து எறிந்தான். பலகையில் பட்டது, வளையத்தில் ஒரு சுற்று உருண்டது, உள்ளே விழுந்தது. தூரத்து ஷாட்டுக்கு மூன்று புள்ளி, சமன். கூடுதல் நேரத்தில் ஸ்டேட். சோஃபாவில் தூங்கிவிழுந்துகொண்டிருந்த என் மனைவி, நான் போட்ட சத்தத்தில் திருடன் வந்துவிட்டானென்று எழுந்துவிட்டாள். சனிக்கிழமை கரோலினாவை 84-76.

அதோடு நிற்கவில்லை. அந்த அணியில் டி.ஜே. பர்ன்ஸ் என்று ஒருவர், ஆளைப் பார்த்தால் கூடைப்பந்து ஆடுகிறவர் மாதிரியே இருக்காது, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் உடம்பு. இடது கை. முதுகைக் கொடுத்து எதிராளியை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போய், பஞ்சு மாதிரி பந்தை உள்ளே வைப்பார். தேசியப் போட்டியில், ஈஸ்டர் ஞாயிறன்று டியூக்கை இரண்டாம் முறை வீழ்த்தினார்கள், அவர் மட்டும் 29 புள்ளி. அன்று ராலேயில் மணிக்கூண்டைச் சுற்றிச் சிவப்புக் கடல், நடுவில் எங்காவது என் மகள். அரையிறுதியில் பர்டியூவிடம் தோற்றோம். பரவாயில்லை.

மறுவருஷம்? 12 வெற்றி, 19 தோல்வி. கான்ஃபரன்ஸ் 18 அணிகளாகிவிட்டது, கோப்பைப் போட்டிக்கு 15 பேருக்குத்தான் இடம். நடப்புச் சாம்பியன் உள்ளேயே போக முடியவில்லை. கீட்ஸை அனுப்பிவிட்டார்கள். ஜாதகம் என்று சொன்னேனா இல்லையா?

அந்த 18 எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. மேரிலேண்ட் 2014-இலேயே வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. 2024-இல் ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா, டெக்சாஸிலிருந்து எஸ்.எம்.யூ. வந்து சேர்ந்தன. பெயர் அட்லாண்டிக் கரை, அணி பசிபிக் கரையில். எல்லாம் டிவிப் பணம். ஆட்டக்காரர்களும் விளம்பரப் பணம் வாங்கலாம், வருஷத்துக்கொரு கல்லூரி மாறலாம் என்று ஆகிவிட்டது. அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் சம்பாதித்தது போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போன வருஷத்துப் பையனை இந்த வருஷம் எதிரணிச் சட்டையில் பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கிறது. 2019-இல் வர்ஜீனியாவுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த டோனி பென்னெட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, இந்தப் புதுச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று விலகிவிட்டார். அந்த சீசனில் கூப்பர் ஃபிளாக்கை வைத்துக்கொண்டு டியூக் கான்ஃபரன்ஸில் 19 வெற்றி, ஒரே தோல்வி. ஒரே வருஷம் ஆடினான், தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாகப் போய்விட்டான். பெயரைப் பழகுவதற்குள் ஆள் இல்லை.

இனி உங்களுக்குத் தேவையானது. டியூக்-கரோலினா டிக்கெட் பக்கம் போகாதீர்கள், ஊருக்குப் போய்வரும் விமானக் காசு கேட்பார்கள். ஸ்டேட் பெண்கள் அணி ஆடும் ரெனால்ட்ஸ் அரங்கத்துக்குப் போங்கள். 1949-இல் திறந்தது, டிக்கெட் விலை கையைக் கடிக்காது, ஆட்டம் அருமையாக இருக்கும். 2024-இல் அவர்களும் தேசிய அரையிறுதிக்குப் போனவர்கள்தான். ஜெயித்தவர்கள் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்த எவரெட் கேஸ் என்ற பழைய கோச் இருந்ததும் அங்கேதான்.

மார்ச்சில் ஆபீஸில் ஒரு தாளை நீட்டுவார்கள், யார் யாரை ஜெயிப்பார்கள் என்று முழுப் போட்டிக்கும் கணித்து எழுத வேண்டும். எழுதிக் கொடுங்கள். ஆட்டமே தெரியாதவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். நான் ஒரு தடவை சட்டை நிறத்தைப் பார்த்து எழுதி இரண்டாமிடம் வந்தேன். ஆனால் போனில் பந்தயம் கட்டும் ஆப் வேண்டாம். 2024 மார்ச் 11-இல் இந்த மாநிலத்தில் அதைச் சட்டப்படி திறந்துவிட்டார்கள், கரெக்டாக ஏ.சி.சி. கோப்பை வாரத்தில். அந்த ஆப்பில் காரின் மாதத் தவணையை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்புறம், வேலைக்கு வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு போகும் அன்று முந்தின இரவு யார் ஜெயித்தார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

திங்கட்கிழமை கேட்டால் "ஸ்டேட்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் கரோலினா என்றால் சிரிப்பார். டியூக் என்றால் பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார். ஸ்டேட் ஆளாக இருந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இடம் போட்டுவைப்பார், ஓ'கானல் போட்ட அந்த ஷாட்டின்போது தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று ஆரம்பிப்பார்.