கருப்பருக்கு வெட்டுன கிடாவும் பவுல் எழுதுன லெட்டரும்

கேள்வி: ஐயா, நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். என் ஃப்ரெண்ட், "உங்க பைபிளே வேற சாமிங்க இருக்குன்னு ஒத்துக்குது, அப்புறம் எங்க ஊர் அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுக்கிற புரவி எடுப்புத் திருவிழாவுக்கு வர உனக்கு என்ன"ங்கிறான். பாஸ்டர் "தேவன் ஒருத்தர்தான், வேற எதுவும் கிடையாது"ங்கிறார். யார் சொல்றது சரி? அய்யனாருக்கு வெட்டுன கிடாக்கறிய நான் சாப்பிடலாமா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு. அய்யனாருக்கு யாரும் கிடா வெட்ட மாட்டாங்க, அவர் சைவம். வெட்டுறது பக்கத்துல நிக்கிற கருப்பருக்கு, அதுவும் பல ஊர்ல அய்யனாருக்குத் திரையைப் போட்டுட்டுத்தான் வெட்டுவாங்க. தேவகோட்டைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கு!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃப்ரெண்ட் சொல்றதும் பைபிள்ல இருக்கு, பாஸ்டர் சொல்றதும் பைபிள்ல இருக்கு. சங்கீதம் 95-ஐ எடுங்க, கர்த்தர் "எல்லா தேவர்களுக்கும் மகாராஜன்"னு இருக்கும். அடுத்தது 96, அதுல மத்த ஜனங்களோட தேவர்கள் எல்லாம் வெறும் விக்கிரகங்கள்தான்னு இருக்கும். பக்கம்கூடத் திருப்ப வேண்டாம். ஒருத்தர் 95-ஓட மூடி வச்சிட்டார், இன்னொருத்தர் 96-ல இருந்து ஆரம்பிக்கிறார், அவ்வளவுதான் உங்க ரெண்டு பேர் சண்டை.

பத்துக் கட்டளையில முதல் கட்டளையையே பாருங்க. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்." உனக்கு வேண்டாம்னுதான் இருக்கு, வேற தேவர்களே இல்லைன்னு அந்த வரியில இல்லை. இல்லாத ஆளோட சகவாசம் வேண்டாம்னு எந்த அப்பனும் புள்ளையைக் கண்டிக்க மாட்டான். நியாயாதிபதிகள் 11-ல இஸ்ரவேல் தலைவன் யெப்தா அம்மோன் ராஜாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்றான், உன் சாமி காமோஸ் உனக்குக் குடுத்ததை நீ வச்சுக்கோ, எங்க கர்த்தர் எங்களுக்குக் குடுத்ததை நாங்க வச்சுக்கிறோம்னு. பங்காளிங்க பாகம் பிரிக்கிற மாதிரி இல்ல? (காமோஸ் மோவாப்காரங்க சாமி, அம்மோனுக்கு மில்கோம். யெப்தா குழப்பிட்டானான்னு பண்டிதர்கள் இன்னும் மண்டையை உடைச்சுக்கிறாங்க.)

நம்ம பக்கம் நகரத்தார் வீட்ல சம்பந்தம் பேசும்போது முதல் கேள்வியே "எந்தக் கோயில்?"தான். இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர்னு அவங்களோட ஒன்பது கோயில்ல ஒண்ணைச் சொல்லுவாங்க. மாத்தூர்க்காரர் இளையாத்தங்குடிக் கோயில் பொய்னு சொல்றாரா? இல்லை, அவர் புள்ளி, அதாவது அவர் குடும்பக் கணக்கு, மாத்தூர்ல இருக்கு, அவ்வளவுதான். பழைய இஸ்ரவேல் மனசு கிட்டத்தட்ட இதுதான். உவமை நூத்துக்கு நூறு பொருந்தாது, ஒன்பது கோயில்லயும் இருக்கிறது சிவன்தான், அங்க அப்படி இல்லை.

எதிராளி பக்கத்துச் சாட்சியும் இருக்கு. 1868-ல ஜோர்டான்ல தீபான்ங்கிற ஊர்ல ஒரு கல்வெட்டு கிடைச்சது, மோவாப் ராஜா மேசா வெட்டினது, இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. அதுல அவன், காமோஸ் எங்க நாட்டு மேல கோவமா இருந்ததாலதான் இஸ்ரவேல் எங்களை ஒடுக்குச்சு, அப்புறம் அவர் மனசு இறங்கினார், நான் ஜெயிச்சேன்னு சொல்றான். சாமி பேரை மட்டும் மாத்துங்க, அப்படியே பைபிள் ராஜாக்கள் புஸ்தகம் பேசுற பேச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நாகமான் கதை, 2 இராஜாக்கள் 5. சீரியா நாட்டு தளபதி, குஷ்டம், யோர்தான் ஆத்துல ஏழு தடவை முங்கி எந்திரிச்சதும் சரியாப்போச்சு. அப்படி முங்கச் சொன்ன தீர்க்கதரிசி எலிசா காணிக்கை எதுவும் வாங்கலை. உடனே அவன் கேக்குறது என்ன தெரியுமா, ரெண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவுக்கு இந்த ஊர் மண்ணு. இனிமே கர்த்தருக்கு மட்டும்தான் பலி குடுப்பேன், அதுக்கு மண் வேணும். நம்ம ஊர்க்காரனுக்கு இதுக்கு விளக்கவுரையே வேண்டாம், பிடிமண்! புரவி செய்ய வேளார் (மண்பாண்டம் செய்றவங்க) கையில கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளிக் குடுக்கிறாங்களே, அதே மனசு, என்ன, இவன் தளபதி, பிடி பத்தாது, ரெண்டு பொதி கேக்குறான். அதோட இன்னொண்ணும் கேக்குறான், எங்க ராஜா எங்க ஊர்ச் சாமி ரிம்மோன் கோயிலுக்குப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கும்பிடுவார், நானும் கூடக் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்கணும்னு. எலிசா திட்டலை, பிரசங்கம் பண்ணலை, "சமாதானத்தோடே போ"ன்னுட்டார்.

பாஸ்டர் சொல்ற "வேற இல்லவே இல்லை" நல்லா அழுத்தமா வர்றது ஏசாயா 40-க்கு அப்புறம். எருசலேம் இடிஞ்சு, ஜனங்க பாபிலோன்ல அகதியாக் கிடந்த காலம். தோத்துப்போன ஊர்க்காரன் சாமியும் தோத்துப்போச்சுன்னுதான் அன்னைக்கு உலகம் சொல்லும். அப்பத்தான் இவங்க அதைத் தலைகீழாத் திருப்பி, ஜெயிச்சவன் சாமி வெறும் மரம், எங்க தேவனைத் தவிர தேவனே இல்லைன்னாங்க. 44-ல ஒரு கேலி வரும், ஒருத்தன் மரத்தை வெட்டிப் பாதியில அடுப்பெரிச்சு ரொட்டி சுடுறான், குளிர் காயுறான், மீதியைச் சாமியாக்கி விழுந்து கும்பிடுறான்னு. மேடைப் பேச்சாளர் தோத்துப்போவார்.

ஆக ரெண்டும் இருக்கு, வேற வேற காலத்துக் குரல். பாஸ்டர் இதை ஒத்துக்க மாட்டார். அந்த "தேவர்கள்" எல்லாம் தேவதூதர்கள், இல்லைன்னா நியாயாதிபதிகள்னு ஒரு பழைய விளக்கம் வச்சிருப்பார். சங்கீதம் 82-ல அந்த தேவர்களைப் பார்த்து "மனுஷரைப்போலச் செத்து"ப் போவீங்கன்னு வருதே, மனுஷனைப் பார்த்தா மனுஷன் மாதிரி சாவேன்னு மிரட்டுவாங்கன்னு கேட்டுப் பாருங்க. ஆனா அவர் யோவான் 10-ஐத் திறப்பார், இயேசுவே அந்தச் சங்கீதத்துல அதுக்கு முந்தின வரியை, "தேவர்கள்"னு வர்றதை, எடுத்துப் பேசுற இடம் அது, அதுக்கு நீங்க தயாராப் போங்க.

கிடாக்கறிக்கு வருவோம். இதே பஞ்சாயத்து அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுக் கொரிந்து ஊர் சபையிலயும் நடந்திருக்கு. அப்போஸ்தலர் பவுல் அவங்களுக்கு எழுதுன லெட்டர்தான் 1 கொரிந்தியர், அதுல 8-ல விக்கிரகம் ஒண்ணுமே இல்லைங்கிறார், 10-ல அங்க படைக்கிறது பேய்களுக்குங்கிறார். கோயில் பந்தியில உக்காரவே கூடாது, அதுல அவர் கறார். ஆனா வேற மார்க்கத்து ஆள் வீட்டுக்குக் கூப்பிட்டா, இலையில போட்டதை ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடு, யாராவது "இது படைச்சது"ன்னு சொல்லிட்டா சொன்னவனுக்காகச் சாப்பிடாதேங்கிறார்.

உங்க ஃப்ரெண்ட்தான் முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிட்டானே தம்பி. இந்த வருஷம் உங்களுக்கு வெறும் ரசம் சாதம்தான்.