கேளுங்கள், சொல்கிறேன்

கே: எளிமையாக இருந்தாலே ஒருவரை மக்களுக்குப் பிடித்துவிடுமா?

ப: அதெப்படி? எளிமையாகவே வாழ்ந்து, அடுத்த தெருவுக்குக்கூடப் பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். எளிமையாக இருக்கும்போதெல்லாம் கேமராமேனையும் கூட்டிப் போகிறவர்கள் இன்னொரு ரகம். எதிரே நிற்கும் மனிதர் கண்ணில் படுகிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 2015 ஜூலை 27, அப்துல் கலாம் குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங்குக்குக் காரில் போகிறார். முன்னால் போன திறந்த ஜீப்பில் ஒரு காவலர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வருகிறார். "அவர் ஏன் நிற்கிறார்? உட்காரச் சொல்லுங்கள்" என்று கலாமுக்கு வழியெல்லாம் இதே கவலை. வயர்லெஸ்ஸில் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. இறங்கியதும் அந்தக் காவலரை வரவழைத்துக் கைகுலுக்கினார். தன்னால் இவ்வளவு நேரம் நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு, ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். கூடவே போன உதவியாளர் பிறகு எழுதிய விவரம் இது. அன்று மாலை மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கலாம் சரிந்துவிட்டார். வயது 83. யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலையில் அவர் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கே: உருகுவே அதிபர் முஹிக்கா பழைய காரில் போனதெல்லாம் விளம்பரம்தானே?

ப: விளம்பரம் என்றால் பதவி போனதும் பவிசு மாறியிருக்க வேண்டுமே! 2010 முதல் 2015 வரை அதிபர். மாளிகை வேண்டாமென்று பண்ணை வீட்டிலேயே இருந்தார். சம்பளத்தில் சுமார் 90 சதவீதத்தைத் தானம் செய்தார். அந்த 1987 மாடல் நீல நிற ஃபோக்ஸ்வேகனுக்குப் பத்து லட்சம் டாலர் விலை வந்தும் விற்கவில்லை. 2025 மே மாதம் இறக்கும்வரை அதே பண்ணை வீடுதான்.

கே: கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து தலைவர்கள் கையசைக்கிறார்களா, இல்லையா?

ப: அசைப்பதாக டிரைவர் சொன்னால்தான் உண்டு.

கே: மக்களுக்குப் பிடித்த தலைவர் தேர்தலில் தோற்பாரா?

ப: காமராஜரே தோற்றாரே ஐயா! 1967-ல், அதுவும் பிறந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு என்று காங்கிரஸ் மேல் இருந்த கோபம் அவர் தலையிலும் விடிந்தது. 1969-ல் நாகர்கோவிலில் இடைத்தேர்தல் வந்தது. அங்கே அவரை ஜெயிக்கவைத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.