டிரைவில் சிலிக்கான் கார்பைடு போடலாமா? முதலில் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: 400 வோல்ட், 7.5 கிலோவாட் மூன்று பேஸ் மோட்டாருக்கு டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) செய்கிறோம். இப்போது அதில் இருப்பது ஐஜிபிடி என்ற சிலிக்கான் பவர் ஸ்விட்ச், 8 கிலோஹெர்ட்ஸில் ஆன், ஆஃப் ஆகிறது. மோட்டாருக்குக் கேபிள் 12 மீட்டர். இனி எல்லாமே சிலிக்கான் கார்பைடு என்கிறார்களே, அடுத்த மாடலில் ஸ்விட்ச் மாட்யூலை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. மாறலாம், ஆனால் மாட்யூலை மட்டும் மாற்றினால் உங்கள் பிரச்சினை ஹீட்சிங்கிலிருந்து கிளம்பி மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

லாபம் என்னவோ உண்மைதான். ஐஜிபிடியில் கரண்ட் எவ்வளவு குறைந்தாலும் ஒரு வோல்ட் அளவுக்கு டிராப் இருந்துகொண்டே இருக்கும். சிலிக்கான் கார்பைடில் வருவது மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச், அது வெறும் ரெசிஸ்டன்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். 40 மில்லிஓம் மாஸ்ஃபெட்டில் 5 ஆம்பியர் ஓடினால் டிராப் 0.2 வோல்ட்தான், சூடானால் கொஞ்சம் கூடும். ஆஃப் ஆகும்போது ஐஜிபிடி இழுக்கும் வால் கரண்ட்டும் கிடையாது. அதனால் நாள் முழுக்கப் பாதி லோடில் ஓடும் பம்ப், ஃபேன் என்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். எப்போதும் முழு லோடில், அதே 8 கிலோஹெர்ட்ஸில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கூடுதல் விலை கொடுக்க எனக்கு மனசு வராது.

சரி, கேபிளுக்கு வருவோம். 400 வோல்ட் சப்ளையில் டிசி லிங்க், அதாவது டிரைவுக்குள் ஏசியை டிசியாக மாற்றி வைத்திருக்கும் பகுதி, சுமார் 565 வோல்ட். ஐஜிபிடி ஆன் ஆகும்போது அவுட்புட் வோல்டேஜ் நானோநொடிக்கு 3 வோல்ட் வேகத்தில் ஏறினால் 565-ஐத் தொட 190 நானோநொடி ஆகும். கேபிளில் அலை ஒரு மைக்ரோநொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் போகும், அதாவது உங்கள் 12 மீட்டருக்குப் போய்வர 160 நானோநொடி. திரும்பி வந்த அலை, ஏற்றம் முடிவதற்குள் தலையிட்டு மோட்டார் முனையில் எகிறுவதைக் கொஞ்சம் குறைத்துவிடும். இதுவரை தப்பித்தது இப்படித்தான். சிலிக்கான் கார்பைடு நானோநொடிக்கு 50 வோல்ட் போனால் ஏற்றம் 11 நானோநொடியில் முடிந்துவிடும். அப்போது ஒரு மீட்டர் கேபிளே போதும், அலை மோட்டாரில் மோதித் திரும்புவதால் இரட்டிப்பாகி, மோட்டார் முனையில் கிட்டத்தட்ட 1,100 வோல்ட் நிற்கும். அதுவும் காயிலின் எல்லாச் சுற்றுகளுக்கும் சமமாகப் பிரியாது, முதல் சில சுற்றுகள்தான் பெரும்பங்கை வாங்கும்.

இன்வெர்ட்டர் டியூட்டி (டிரைவோடு ஓட்டவென்றே செய்த) மோட்டார்தானே என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நீமாவின் எம்ஜி 1 தரத்தின் 31-ஆம் பகுதி 400 வோல்ட் மோட்டாருக்கு 1,240 வோல்ட் உச்சம் வரை அனுமதிக்கிறதுதான், ஆனால் ஏற்ற நேரம் 0.1 மைக்ரோநொடிக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையோடு. உங்கள் உச்சம் வரம்புக்குள் இருந்தாலும் ஏற்றம் அதைவிட ஒன்பது மடங்கு வேகம். இதோடு காமன் மோட் வோல்டேஜ் (மூன்று பேஸுக்கும் பொதுவாக எர்த்தைப் பார்த்து நிற்கும் வோல்டேஜ்) வேறு ஷாஃப்ட் வழியாக பேரிங்கில் பொறி பறக்க வைக்கும். கழற்றிப் பார்த்தால் உள்வளையத்தில் வரிவரியாகத் தேய்ந்திருக்கும்.

என்ன செய்யலாம்? ஸ்விட்சை இயக்கும் கேட் முனையில் இருக்கும் ரெசிஸ்டரைக் கூட்டி, வோல்டேஜ் ஏறும் வேகத்தை நானோநொடிக்கு 5 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். ஸ்விட்சிங் லாபத்தில் ஒரு பகுதி போகும், பாதி லோடில் கிடைப்பது அப்படியே இருக்கும். சோம்பேறி வழி என்பார்கள், எனக்குப் பிடித்த வழி. இல்லையென்றால் 40, 50 கிலோஹெர்ட்ஸுக்குப் போய், அவுட்புட்டில் ஒரு சைன் ஃபில்டர் (அலையை வழவழப்பாக்கும் இண்டக்டர், கெப்பாசிட்டர்கள்) வைத்து, கெப்பாசிட்டர்கள் சேரும் ஸ்டார் பாயின்டை டிசி லிங்க்குக்கே திருப்பிக் கட்டுங்கள். அந்த அலைவரிசையில் இண்டக்டர் சின்னதாகிவிடும், காமன் மோடும் அடங்கும். மூன்றாவது, டிரைவை மோட்டார் மேலேயே ஏற்றிவிடுவது. துறை போகும் திசை பெரும்பாலும் இதுதான், கேபிளே இல்லையென்றால் பாதித் தலைவலி இல்லை.

காலியம் நைட்ரைடு என்ற இன்னொரு வகை ஸ்விட்ச்? ரோபோ மூட்டுகள் மாதிரி 48 வோல்ட் வேலைக்கு அருமை. 565 வோல்ட் லிங்க்குக்கு 650 வோல்ட் டிவைஸைச் சாதாரண இரண்டு லெவல் சர்க்யூட்டில் போட்டால் மார்ஜின் பத்தாது, இப்போதைக்கு விடுங்கள்.

அப்புறம் கேட் டிரைவர். ஷார்ட் ஆனால் உங்கள் ஐஜிபிடி 10 மைக்ரோநொடி தாங்கும், சிலிக்கான் கார்பைடு பெரும்பாலும் 2, 3-தான். ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் பழைய டீசாட் சர்க்யூட் விழித்துப் பார்ப்பதற்குள் மாட்யூல் போயிருக்கும்.

முதல் போர்டு வந்ததும் அலையை மோட்டார் டெர்மினலில் வைத்துப் பாருங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் டிஃபரன்ஷியல் ப்ரோப் வேண்டாம், அதில் 11 நானோநொடி ஏற்றம் 18 போலத் தெரியும். 100 மெகாஹெர்ட்ஸாவது கடன் வாங்குங்கள்.