முழங்கால் ஆழத் தண்ணீருக்குக் கேமரா உறை: எதைப் பார்த்து வாங்குவது?

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. கடலுக்கும் அருவிக்கும் கேமரா கொண்டுபோவது பற்றிக் கேட்டிருக்கும் வாசகர்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: என்னிடம் கேனன் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 2 இருக்கிறது. விடுமுறையில் குடும்பத்தோடு லங்காவி போய், அங்கிருந்து பாயார் தீவுக்குப் படகேறுகிறோம். பிள்ளைகள் மார்பளவு தண்ணீரைத் தாண்டிப் போக மாட்டார்கள். இணையக் கடையில் 45 வெள்ளிக்கு ஒரு பிளாஸ்டிக் பவுச் பார்த்தேன், ‘ஐபிஎக்ஸ்8, 20 மீட்டர்’ என்று போட்டிருக்கிறது. கேமரா கடையில் கெட்டியான உறையைக் காட்டுகிறார்கள், விலை பல மடங்கு. 20 மீட்டர் தாங்கும் பவுச் எங்களுடைய 1 மீட்டர் தண்ணீருக்குப் போதாதா? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: ஆழக் கணக்குப்படி போதும், அம்மா. ஆனால் மார்பளவு தண்ணீரில் கேமரா கெடுவது பெரும்பாலும் ஆழத்தால் அல்ல. மூடும் இடத்தில் சிக்கிய ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி, அவசரத்தில் சரியாக அழுத்தாத ஸிப், இவற்றால்தான் கெடுகிறது. ஆகவே 20 மீட்டரா 40 மீட்டரா என்று எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். எப்படி மூடுகிறது, உங்கள் கேமராவுக்குப் பொருந்துகிறதா, இந்த இரண்டையும் பார்த்துக் கொடுங்கள்.

முதலில் அந்த ஐபிஎக்ஸ் எண். ஒரு பொருள் தண்ணீரை எந்த அளவுக்குத் தாங்கும் என்று காட்டும் தரக் குறியீடு அது. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்தது. ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடுமையானது, ஆனால் எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். 8 என்ற எண்ணை மட்டும் போட்டுவிட்டு ஆழத்தையும் நேரத்தையும் சொல்லாத விளம்பரத்தை நம்ப வேண்டாம். இந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், பொருளை அசையாமல் வைத்து. உப்பு நீர், அலை, பிள்ளைகள் பிடித்து இழுப்பது எதுவும் அதில் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ‘எக்ஸ்’ நிற்கும் இடம் தூசிக்கும் மணலுக்கும் உரிய எண்ணின் இடம். அங்கே எக்ஸ் இருந்தால் அந்தத் தகுதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். கடற்கரைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது உங்கள் கேமரா. ஜி7 எக்ஸை முடுக்கியதும் லென்ஸ் வெளியே நீளும். பவுச் வாங்குபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். முன்புறம் லென்ஸுக்கென்று கெட்டியான குழாய் இல்லாத பவுச்சில், நீளும் லென்ஸ் பிளாஸ்டிக்கில் முட்டும், மோட்டார் திணறும், திரையில் லென்ஸ் எரர் வரும். குழாய் இருந்தாலும் அது நீளம் குறைவாக இருந்தால் ஸூம் செய்யும்போது இதே கதைதான். நீளம் அதிகமாக இருந்தால் அகலக் கோணத்தில் படத்தின் நான்கு மூலையும் கறுத்துவிடும். பவுச்சுக்குள் ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும்.

அதனால் என் கருத்து இது. படகில் தெறிக்கும் தண்ணீர், கரையில் பறக்கும் மணல், முழங்கால் தண்ணீரில் நின்றபடி பிள்ளைகளை எடுக்கும் படம், இவற்றுக்குப் பவுச் நல்ல காவல். தண்ணீருக்குள் முக்கி மீன் எடுக்க என்றால், உங்கள் ஜி7 எக்ஸை 45 வெள்ளிப் பவுச்சை நம்பி இறக்காதீர்கள்.

கெட்டியான உறையைக் கேனனே இந்த வரிசைக்குச் செய்திருக்கிறது, 40 மீட்டர் தாங்கும். மாடல் எண்ணில் மட்டும் கவனம் வேண்டும். முதலில் வந்த ஜி7 எக்ஸுக்கு டபிள்யூபி-டிசி54, உங்கள் மார்க் 2-க்கு டபிள்யூபி-டிசி55. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் உறை வேறு. “ரெண்டும் ஒண்ணுதான், போட்டுக்கலாம்” என்று கடையில் சொன்னால், உங்கள் கேமராவை அங்கேயே உள்ளே வைத்து, மூடி, ஒவ்வொரு பொத்தானையும் ஸூமையும் இயக்கிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

கெட்டியான உறை வாங்கினாலும் மேலோட்டமான தண்ணீர் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆழத்தில் அந்த அழுத்தமே மூடியை ரப்பர் வளையத்தின் மேல் இறுக்கி அமுக்கும். 1 மீட்டரில் அந்த உதவி மிகக் குறைவு. தாழ்ப்பாளும் வளையமும் மட்டுமே காக்க வேண்டும். வளையத்தில் ஒரு முடி கிடந்தால் கரையோரத்திலேயே தண்ணீர் உள்ளே வரும்.

ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு சோதனை கட்டாயம். கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ தாள் வைத்து உறையை மூடுங்கள். மேலே வராமல் இருக்க ஒரு கனமான பொருளைச் சேர்த்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். வெளியே எடுத்துத் துடைத்து, தலைகீழாகப் பிடித்துத் திறந்து தாளைப் பாருங்கள். ஓரம் ஈரமாக இருந்தாலும் அந்த உறை வேண்டாம். பவுச் என்றால் இந்தச் சோதனையை ஒவ்வொரு பயணத்துக்கும் செய்ய வேண்டும், ஏனென்றால் மடித்து வைத்த இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இவ்வளவு வேலை வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறைதான் கடல் என்றால், ஜி7 எக்ஸைப் படகிலேயே உலர்ந்த பையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்கென்று ஆக்‌ஷன் கேமரா ஒன்றைக் கையில் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. கோப்ரோ ஹீரோ 12 உறை இல்லாமலே 10 மீட்டர், டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 4 உறை இல்லாமலே 18 மீட்டர் தாங்கும். இரண்டும் பேட்டரிக் கதவு சரியாகப் பூட்டியிருந்தால்தான். மணிக்கட்டில் மிதவைப் பட்டை மாட்டுங்கள், கைநழுவினால் மூழ்கிவிடும். பாயார் தீவு கடல் பூங்கா. படத்துக்காகப் பிள்ளைகள் பவளப்பாறை மேல் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒருவரிடமிருந்து நேரடியாகப் பழைய ஒலிம்பஸ் டிஜி-6 வாங்கப் போகிறேன். 15 மீட்டர் தாங்கும் கேமரா என்பதால் உறையே தேவையில்லை என்கிறார். சுங்கை சொங்காக் ஆற்றுக்கும் போர்ட்டிக்சனுக்கும் கொண்டுபோக ஆசை. நம்பி வாங்கலாமா? (செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நல்ல கேமரா, தம்பி. லென்ஸ் உடம்புக்குள்ளேயே நகரும், வெளியே நீளாது. தண்ணீருக்கு அது பெரிய வசதி. 15 மீட்டர் என்பதும் சரி. ஆனால் அது கேமரா புதிதாக இருந்தபோது சொன்ன அளவு. கதவுகளில் இருக்கும் ரப்பர் வளையங்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். எப்போது மாற்றினார் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

நேரில் பார்க்கும்போது பேட்டரிக் கதவையும் ஒயர் செருகும் கதவையும் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோக முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் உட்புறத்தில் மூட்டம் தெரிந்தாலும் அப்படியே.

ஆற்றில் பாறை மேலிருந்து கேமராவோடு குதிக்காதீர்கள். தண்ணீரில் மோதும் அடி, அமைதியாக முக்கும் அழுத்தத்தைவிட மிக அதிகம். கடலிலிருந்து வந்ததும் உப்பு காயும் முன்னரே கதவுகள் மூடியபடி நல்ல தண்ணீர் வாளியில் சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்ச வேண்டாம். முக்கிச் சோதித்த பொருள் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று உறுதி இல்லை. ஈரக் கையோடு, மணல் மேல் உட்கார்ந்து கதவைத் திறக்கவே கூடாது.

தனியாரிடம் வாங்கும் பழைய பொருளுக்குப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வராது. அது தொழிலாக விற்பவர்களுக்கானது. மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: உறைக்குள் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை, ஆனால் படமெல்லாம் புகைமூட்டமாக வருகிறது. உறை ஓட்டையா? (பத்து பெரிங்கி, பினாங்கு)

பதில்: ஓட்டை இல்லை. கடற்கரையில் வைத்து உறையை மூடியிருப்பீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே அடைபட்டு, தண்ணீரில் கண்ணாடி குளிர்ந்ததும் அதில் படிகிறது. தங்கும் அறையில் ஏர்கோன் போட்டிருக்கும்போதே, சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடிக்கொண்டு கிளம்புங்கள். பொட்டலம் வளையத்தின் மேல் படாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: தண்ணீருக்குள் பயன்படுத்தலாம் என்று சொல்லி ஜோர்ஜ்டவுன் கடை ஒன்றில் பவுச் விற்றார்கள். முதல் நாளே ஸிப் பக்கம் கசிந்து கேமரா போய்விட்டது. உடனே அரிசியில் போட்டு வைத்தேன், பயனில்லை. கேமரா நிறுவனம் தண்ணீர் பட்டதற்கு வாரண்டி இல்லை என்கிறது. கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பவுச் காசையாவது கேட்க முடியுமா? (பட்டர்வொர்த்)

பதில்: பவுச் காசை மட்டுமல்ல, கேமரா நஷ்டத்தையும் கேட்கலாம். அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், வாங்குபவர் தெரிவித்த தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. பலகை எழுதி வைத்து இந்தப் பொறுப்பிலிருந்து கடைக்காரர் விலக முடியாது. பொருளின் குறையால் நேரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய நஷ்டத்தையும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கேமராவுக்காகவே விற்ற நீர்புகாப் பவுச் கசிந்தால் கேமரா கெடும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. இணையக் கடைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

கடைக்காரர் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றே ஒன்று: “நீங்கள் சரியாக மூடவில்லை.” அதற்கு இப்போதே தயாராகுங்கள். பவுச்சைக் கழுவ வேண்டாம், ஒட்ட வேண்டாம், தூக்கிப் போட வேண்டாம். ஸிப் பகுதியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு உள்ளே டிஷ்யூ தாள் வைத்து, முதல் பதிலில் சொன்ன வாளிச் சோதனையைச் செய்து, மூடுவதிலிருந்து திறப்பது வரை நிறுத்தாமல் காணொளி எடுங்கள். சரியாக மூடியும் தாள் நனைகிறது என்றால் அதுவே வலுவான சான்று. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கேமரா பழுதுபார்ப்பு நிலையம் எழுதித் தந்த அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இனிமேல் வாங்குகிறவர்களும் கடைக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்: “இந்த மாடல் கேமராவைப் போட்டு, கடல் தண்ணீரில், 1 மீட்டர் ஆழத்தில், அரை மணி நேரம் பயன்படுத்தப் போகிறேன். தாங்குமா?” தாங்கும் என்று எழுத்தில் பதில் வந்தால், உங்கள் தேவையைத் தெரிவித்ததற்கும் அவர் ஒப்புக்கொண்டதற்கும் அதுவே ஆதாரம். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அரிசி பற்றி: உப்பு நீர் புகுந்த கேமராவுக்கு அது உதவாது, ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே நின்று உலோகத்தை அரிக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, கேமராவை முடுக்காமல் உடனே பேட்டரியையும் மெமரி அட்டையையும் கழற்றி, தாமதமில்லாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது. அட்டையை நல்ல தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்தால் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும், அதை இப்போதும் முயன்று பாருங்கள்.

கடைக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். நகர்வு இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், இணையத்திலும் பதியலாம். கடிதம் எழுதவோ பாரம் நிரப்பவோ துணை தேவைப்பட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். பாரத்தில் எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்பார்கள். பெயர்ப்பலகையில் இருப்பதை எழுதாமல், ரசீதில் அச்சான நிறுவனப் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எழுதுங்கள்.