1/2 + 3/4 - 5/6 என்ற வரியை நிரல் சரியாகக் கூட்ட வேண்டுமானால்

கேள்வி: வெள்ளவத்தையில் தரம் 7 பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அவர்கள் தட்டச்சுச் செய்யும் "1/2 + 3/4 - 5/6" போன்ற வரியை வாசித்து விடை சொல்லும் நிரலொன்றைப் பைத்தனில் எழுதினேன். 5/12 வர வேண்டிய இடத்தில் 0.41666 என நீண்ட தசமம் வருகிறது. கலப்பு எண் வந்தால் விடையே பிழைக்கிறது. எப்படித் திருத்துவது?

பதில்: பின்னத்தைக் கண்டதும் நிரல் வகுத்துவிடுவதால்தான் தசமம் வருகிறது. தொகுதி, பகுதி என்ற இரண்டு முழு எண்களாகவே கடைசிவரை வைத்திருங்கள். 0/1 இல் தொடங்கி, ஒவ்வொரு பின்னத்துக்கும் கையிலுள்ள தொகுதியைப் புதிய பகுதியாலும், புதிய தொகுதியைக் கையிலுள்ள பகுதியாலும் பெருக்கிக் கூட்டுங்கள்; கழித்தல் குறி இருந்தால் கழியுங்கள். இரு பகுதிகளின் பெருக்கமே புதிய பகுதி. உடனே பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) ஆல் சுருக்குங்கள். உங்கள் வரி 1/2, பிறகு 10/8 அதாவது 5/4, பிறகு 10/24 அதாவது 5/12 என்று போகும். வகுப்பில் சொல்லித்தரும் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) இங்கே தேவைப்படாது. சுருக்கும்போது // இட்டு வகுங்கள். ஒற்றை / இட்டால் தசமம் மறுபடி நுழைந்துவிடும்.

பெரும்பாலான பிழைகள் உரையை வாசிக்கும் இடத்தில்தான் பிறக்கின்றன. எல்லா இடைவெளியையும் முதலிலேயே அகற்றினால் "1 1/2" என்பது 11/2 ஆகிவிடும். இடையில் + சேர்த்து 1+1/2 ஆக்குவதும் ஆபத்து: "2 - 1 1/2" இன் விடை 1/2; அப்படிச் செய்தால் 2-1+1/2 ஆகி 3/2 வரும். ஆகவே / குறியை ஒட்டிய இடைவெளிகளை மட்டும் முதலில் நீக்குங்கள். அடுத்து, கலப்பு எண்ணை முறைமையில்லாப் பின்னமாக, அதாவது 3/2 ஆக மாற்றுங்கள். அதன் பின்னும் இரு இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி எஞ்சினால் அந்த வரியை ஏற்க வேண்டாம். மற்ற இடைவெளிகளை இப்போது நீக்கலாம்.

பிறகு [+-]?[0-9]+(?:/[0-9]+)? என்ற தேடல் கோலத்தை (regex) பைத்தனின் re.findall இல் கொடுத்துத் துண்டுகளை எடுங்கள்; "1/2", "+3/4", "-5/6" கிடைக்கும். குறி எண்ணோடே ஒட்டி வருவதால் கழித்தல் தொலையாது. அடைப்புக்குள் உள்ள ?: ஐ விட்டால் பைத்தன் "/2", "/4" என வாலை மட்டும் தரும். வெறும் முழு எண் வந்தால் பகுதி 1. பொருந்தாத எழுத்துகளை இந்தத் தேடல் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதனால் துண்டுகளை மீண்டும் ஒட்டி, தேடலுக்குக் கொடுத்த இடைவெளியற்ற வரியோடு ஒப்பிடுங்கள். "1/2/3" போன்ற உளறல் அங்கே சிக்கும்.

வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும் வரிகளில் கழித்தல் குறி பல வேளைகளில் − அல்லது – ஆக இருக்கும். இடைவெளிகளைத் தொடுமுன்பே அவற்றை - ஆக மாற்றுங்கள். ½ வந்தால், அதையும் அப்போதே முன்னால் ஓர் இடைவெளியோடு 1/2 என்று மாற்றுங்கள். சிறப்பு எழுத்துகளைச் சாதாரண எழுத்துகளாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தை (NFKC) நம்பினால் 1½ என்பது 11⁄2 ஆகிவிடும். நடுவிலுள்ள சாய்கோடும் வழக்கமான / அன்று.

பகுதி 0 வந்தால் கணக்கைத் தொடாமல் பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கள்.