பார்வையற்றோருக்கு ஏற்ற கோப்பு மேலாளர்

கேள்வி: பார்வையற்ற என் தம்பி, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானின் துணையோடு விண்டோஸ் கணினியை இயக்குகிறான். கோப்புகளைக் கையாள அவனுக்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?
– வாசகி, கரூர்

பதில்: உடனடியாக வேண்டியதில்லை. விண்டோஸுடன் வரும் ஃபைல் எக்ஸ்புளோரரே அன்றாட வேலைகளுக்குப் போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் 6-ஐ அழுத்தி விவரப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டால், கீழ் அம்புக்குறியை அழுத்தும்போதெல்லாம் பெயரோடு, மாற்றிய தேதியும் அளவும் காதில் விழும். பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே அந்தக் கோப்புக்குத் தாவிவிடலாம்.

நூற்றுக்கணக்கான ஒலிக்கோப்புகளை அடிக்கடி இடம் மாற்றுபவரென்றால், இரண்டு கோப்புப் பட்டியல்களை அருகருகே காட்டும், டோட்டல் கமாண்டர் போன்ற இரட்டைப் பலக மென்பொருளைப் பழகலாம். எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 இடம் மாற்றும். ஆனால், கண்ணுக்கு ஒருங்கே தெரியும் இரண்டு பட்டியல்கள் காதுக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும் என்பதால், எந்தப் பலகத்தில் நிற்கிறோம் என்பது தொடக்கத்தில் குழப்பும்.

எதை வாங்குவதானாலும், முதலில் சோதனைப் பதிப்பை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, சுட்டியைத் தொடாமல், ஒரு கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு ஒரு வெற்றுக் கோப்பை அழிக்கட்டும். அழிக்கலாமா என்று கேட்கும் பெட்டி வாசிக்கப்படாமல் மௌனமாக நின்றால், அந்த மென்பொருளைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.